கலீல் ரஹ்மான் காணாமல் போன பதினேழு நிமிடங்கள்

தீக்களத் தலைமைப் பயிலகத்தின் பதிவேட்டின்படி கலீல் ரஹ்மான் காணாமல் போனது மே மாதம் ஒன்பதாம் தேதி, காலை பதினொன்று இருபத்திரண்டுக்கு. அந்த நேரத்தில் அவர் பயிலகத்தின் பின்பக்க வேலியோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நுங்கு தின்றுகொண்டிருந்தார். இந்த இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது என்று நமக்குத் தோன்றும். பயிலகத்துக்கு அப்படித் தோன்றவில்லை. கலீலுக்குத் தோன்றியது, ஆனால் தாமதமாகத் தோன்றியது. அந்தத் தாமதம்தான் இன்றுவரை அவரைப் போட்டு வாட்டிக்கொண்டிருக்கிறது.

கலீலுக்குச் சொந்த ஊர் கோட்டக்குப்பம். அண்ணன் தம்பிகள் எல்லாரும் துபாய், குவைத் என்று கிளம்பிவிட, இவர் மட்டும் தீயணைப்பு வேலையில் சேர்ந்தார். இருபத்தாறு வருஷ சர்வீஸ். திண்டிவனம் பக்கத்து நிலையமொன்றில் லீடிங் ஃபயர்மேன். கூரை வீடு, வைக்கோல் போர், கிணற்றில் விழுந்த மாடு, குளியலறையில் புகுந்த சாரைப்பாம்பு என்று எல்லாவற்றையும் பார்த்தவர். ஓய்வு பெறுவதற்குள் நிலைய அலுவலர் ஆகிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதைவிட அதிகமாக அவர் மனைவி சாஜிதாவின் ஆசை. "உங்க தம்பி பொண்டாட்டி வந்தா ஃப்ரிட்ஜ காட்டுறா, ஏசிய காட்டுறா. நான் உங்க பூட்ஸ காட்டவா?" என்பாள்.

நிலைய அலுவலர் ஆக வேண்டுமானால் பயிலகத்தின் ஐந்து நாள் சான்றிதழ் வேண்டும் என்று புதிதாக ஓர் ஆணை வந்திருந்தது. ஒரு நிலையத்துக்கு இரண்டு பேர். கலீலோடு பச்சைமுத்து போனான். பிரம்மதேசத்துக்குப் பக்கத்துக் கிராமம் அவனுக்கு. வேலை நேரம் போக நிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுகிற ஆள். கலீலைவிட எட்டு வயது இளையவன். பத்து வருஷமாக ஒரே குழாயைப் பிடிக்கிறவர்கள். முனையைக் கலீல் பிடித்தால், பின்னால் முட்டுக்கொடுத்து நிற்பது பச்சைமுத்துதான். தண்ணீர் வேகத்தில் குழாய் துள்ளும்போது முதுகில் ஒரு தோள் வந்து அழுந்தும். திரும்பிப் பார்க்காமலே அது யார் என்று கலீலுக்குத் தெரியும்.

பயிலகம் கூட்டேரிப்பட்டைத் தாண்டி நெடுஞ்சாலையோரம், மூடிப்போன ஒரு பொறியியல் கல்லூரியில் இருந்தது. வாசலில் பத்தடி உயரத்துக்கு 'தலைமை முதலில், தண்ணீர் பிறகு' என்று எழுதியிருந்தது. கலீல் அதை இரண்டு தரம் படித்தார். எழுத்துப் பிழை இல்லை.

இயக்குநர் துரைக்கண்ணு முதல் நாள் வரவேற்புரை ஆற்றினார். முப்பது வருஷம் சீருடைக் கொள்முதல் பிரிவில் இருந்தவர். வெளிநாட்டில் பதினோரு நாள் பயிற்சி எடுத்தவர். அங்கே ஒரு தீவிபத்தைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து முழுமையாகப் பார்த்திருக்கிறார்.

"நெருப்பு ஒரு சின்ன விஷயம்," என்று அவர் ஆரம்பித்தார். "தண்ணி ஊத்தினா அணைஞ்சிடும். இது குழந்தைக்குக்கூடத் தெரியும். அதுக்கு எதுக்குங்க ஒரு பயிலகம்? நெருப்பு எரியும்போது தலைவர் யாரு, அவர் எங்க நிக்கிறாரு, அவர்தான் தலைவர்னு மத்தவங்களுக்குத் தெரியுதா, இதுதான் விஷயம். என் முப்பது வருஷ சர்வீஸ்ல ஒரு தீயணைப்பு வீரருக்குக்கூடக் காயம் பட்டதில்ல. காரணம் என்ன? என் பிரிவுல யாரும் நெருப்புக்குப் பக்கத்துல போனதில்ல."

கைதட்டல் எழுந்தது. பச்சைமுத்து மட்டும் கலீலின் காதருகே, "பாய், இவரு இன்னா சொல்றாரு?" என்றான்.

"கேட்டுக்க. சர்ட்டிபிகேட்டு வேணும்ல," என்றார் கலீல்.

இரண்டாம் நாள் தலைமை ஏற்றல். தலைவர் வெள்ளைத் தலைக்கவசம் போட்டு, சுண்ணாம்பால் வரைந்த வட்டத்துக்குள் நின்று, "இந்தத் தீக்களத்தின் தலைமையை நான் ஏற்கிறேன்" என்று மும்முறை சொல்ல வேண்டும். மற்றவர்கள் மும்முறை ஆமோதிக்க வேண்டும். மூத்தவர் ஒருவர் வந்துவிட்டால் தலைமையை அவருக்குக் கைமாற்ற வேண்டும். அன்றைய பயிற்சியில் ஒரு மணி நேரத்தில் தலைமை பதினொரு தரம் கைமாறியது. பயிற்றுநர் வல்லரசு, கழுத்தில் விசிலும் கையில் மைக்கும் நிறுத்தக் கடிகாரமுமாக நின்றுகொண்டு, "அருமை, அருமை" என்றார். யாராவது குழாயைப் பிடித்தார்களா என்று அவர் கேட்கவில்லை, யாரும் பிடித்திருக்கவும் இல்லை.

அன்று மதியமே ஒரு சங்கடம். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது ஜன்னலுக்கு வெளியே மைதானத்துக் காய்ந்த புல்லில் நிஜமாகவே தீப்பிடித்துவிட்டது. யாரோ பீடித் துண்டைப் போட்டிருக்க வேண்டும். கலீலும் பச்சைமுத்தும் எழுந்து ஓடி, வேப்பங்கிளையை ஒடித்து அடித்து நாலு நிமிடத்தில் அணைத்துவிட்டு வேர்க்க விறுவிறுக்க வந்து உட்கார்ந்தார்கள்.

"யார் தலைவர்?" என்றார் வல்லரசு.

"எதுக்கு சார்?"

"இப்ப நடந்த தீக்கு."

"யாருமில்ல சார். ரெண்டு பேரும் அடிச்சோம்."

"அப்ப அது அணைக்கப்படல," என்றார் வல்லரசு. பதிவேட்டில் 'தானாக அணைந்தது' என்று எழுதிக் கலீலிடமே சாட்சிக் கையெழுத்து வாங்கினார்கள். சான்றிதழை நினைத்துக்கொண்டு கலீல் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் நாள் பெயர் வில்லை. ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய ஒரு பிளாஸ்டிக் வில்லை. தீக்குள் போகிறவன் வாசலில் இருக்கும் பலகையில் அதை மாட்டிவிட்டுப் போக வேண்டும், வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். பலகையில் வில்லை தொங்கினால் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். உள்ளபடியே நல்ல ஏற்பாடு. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மரக்கடைத் தீயில் ஆள் வெளியே வந்துவிட்டானா இல்லையா என்று தெரியாமல் தவித்த தவிப்பு கலீலுக்கு நினைவிருந்தது. இந்த மாதிரி ஒரு பலகை அன்றைக்கு இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தார். வல்லரசு அதை அந்த இடத்தோடு நிறுத்தியிருந்தால் கலீலின் புத்தியில் அது ஆணியடித்தது போல நின்றிருக்கும்.

அவர் நிறுத்தவில்லை. வில்லையை இடது கையால் மாட்ட வேண்டும். மாட்டும்போது "உள்ளே செல்கிறேன்" என்று பலகையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நான்காம் நாள் சாப்பாட்டுக் கூடத்துக்கும் கழிப்பறைக்கும் பலகை வந்துவிட்டது. செஞ்சியிலிருந்து வந்த ஒருவர் சாப்பிட்டுவிட்டு வில்லையை எடுக்க மறந்துபோனதால், அவர் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருப்பதாகப் பதிவாகி, மாலை ஐந்து மணிவரை கூடத்தைப் பூட்டாமல் வைத்திருந்தார்கள். அவரே நேரில் போய் நின்றும் பயனில்லை.

"மனுஷன் ஆயிரம் சொல்லுவான்," என்றார் துரைக்கண்ணு. "பலகைல என்ன இருக்கோ அதுதான் நிலவரம்."

எல்லாரும் சிரித்தார்கள். கலீல்தான் அதிகம் சிரித்தார். அதற்குப் பிறகு அந்த வில்லையை அவர் வில்லையாகவே மதிக்கவில்லை. தப்பு அங்கே ஆரம்பித்தது என்று பிற்பாடு பலமுறை நினைத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் நிஜத் தீ. இரண்டு பழைய கப்பல் சரக்குப் பெட்டிகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி, நடுவில் வழி வெட்டி, உள்ளே வைக்கோலையும் மரத்துண்டுகளையும் போட்டுக் கொளுத்தினார்கள். சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்து பந்தலில் உட்கார்ந்திருந்தார். கலீலும் பச்சைமுத்தும் முதல் அணி. ஆளுக்கொரு பெட்டி. சுவரில் வலது கையை வைத்துக்கொண்டு, அந்தக் கையை எடுக்காமலே சுற்றித் தேடிவிட்டு, வந்த வழியே முன்வாசலுக்கு வர வேண்டும். புகையில் வழி தவறாமலிருக்கச் சுவர்தான் துணை என்று முதல் நாளிலிருந்தே சொல்லியிருந்தார்கள்.

இருவரும் வில்லையை மாட்டினார்கள். உள்ளே போனார்கள். கலீல் தன் பெட்டியைச் சுற்றி வந்தபோது கோடியில் ஒரு பின்கதவு கண்ணில் பட்டது. தாழ்ப்பாள் போடவில்லை. மே மாத வெயிலும் இரும்புப் பெட்டியின் சூடும் சேர்ந்து உடம்பு கொதித்தது. தன் பங்குத் தேடலை முடித்தாயிற்று, எப்படிப் போனால் என்ன என்று பின்கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். முகமூடியைக் கழற்றினார். காற்று வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நெடுஞ்சாலையோரம் முனியம்மாள் என்கிற அம்மா நுங்கு சீவிக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிஷம்தானே என்று கலீல் வேலியோரம் உட்கார்ந்தார்.

முதல் சுளையை அவர் உறிஞ்சும்போது முன்பக்கத்தில் விசில் ஊதியது. பிறகு வல்லரசின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. "கவனிக்கவும். கலீல் ரஹ்மான் காணவில்லை. கலீல் ரஹ்மான் காணவில்லை."

கலீலுக்குத் தெளிவாகக் கேட்டது. பெரிய அதிகாரி வந்திருக்கிறார், காட்சிக்காக ஒருவரைக் காணாமல் போகவைக்கிறார்கள், அதற்குத் தன் பெயரை எடுத்துக்கொண்டார்கள் என்றுதான் நினைத்தார். சிரிப்புகூட வந்தது.

"யாரையோ தேடுறாங்க போலக்கீதே நைனா," என்றாள் முனியம்மாள்.

"என்னத்தான் மா தேடுறாங்க."

"ஐய, அப்ப ஜல்தியா போ. இங்க குந்திக்கினு கீறியே."

"அது சும்மா டிராமா மா. இன்னும் ரெண்டு குடு."

அந்த இரண்டையும் அவர் நிதானமாகத் தின்றார்.

முன்பக்கத்தில் நடந்தது இது. பச்சைமுத்து வெளியே வந்து தன் வில்லையை எடுத்தபோது பக்கத்தில் கலீலின் வில்லை தொங்கியது. வல்லரசு விசில் ஊதினார். மீட்பு அணி அமைக்க வேண்டும். அதற்கு முன் தீக்களத் தலைவர் ஒரு மீட்புத் தலைவரை நியமிக்க வேண்டும். அவர் வட்டத்துக்குள் வந்து மும்முறை ஏற்க வேண்டும். மும்முறை ஆமோதிக்க வேண்டும். துரைக்கண்ணு பந்தலில் இருந்து ஒவ்வொரு கட்டத்தையும் பெரிய அதிகாரிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பச்சைமுத்து, "சார், அவரு உள்ள கீறாரு சார், நான் போறேன் சார்" என்று கத்தினான். "ஆணை வரும் வரை நிற்கவும்" என்றார் வல்லரசு. ஐந்து நிமிடம் நின்றான். பிறகு ஆணை வராமலே உள்ளே ஓடிவிட்டான்.

கலீல் வாயைத் துடைத்துக்கொண்டு பெட்டியைச் சுற்றி நடந்து வந்து பார்த்தபோது பச்சைமுத்துவைக் காணவில்லை.

"முத்து எங்க சார்?"

வல்லரசு மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். "நீங்க எப்படி இங்க நிக்கிறீங்க?"

"பின்கதவால வந்துட்டேன் சார். முத்து எங்க?"

"உங்களத் தேடி உள்ள போயிருக்காரு. நீங்க வெளிய இல்ல ரஹ்மான். உங்க வில்லை பலகைல இருக்கு. பெரிய ஐயா பாத்துக்கிட்டிருக்காரு. போய்ப் பின்பக்கமா உள்ள நுழைஞ்சு முன்பக்கமா வாங்க. அப்பதான் வந்ததாக் கணக்கு."

கலீல் ஓடினார். வல்லரசு சொன்னதற்காக அல்ல, பச்சைமுத்துவுக்காக. ஓடும்போதே முகமூடியை மாட்டிக்கொண்டு, பின்கதவால் புகுந்து, இரண்டு பெட்டியிலும் தடவித் தடவித் தேடினார். "முத்து, முத்து" என்று முகமூடிக்குள் கத்தினார். ஆள் இல்லை. இருமிக்கொண்டே முன்வாசல் வழியாக வெளியே வந்தபோது கைதட்டல் காதைப் பிளந்தது. வல்லரசு பாய்ந்து வந்து அவர் கையைத் தாங்கிப் பிடித்தார். போட்டோ எடுத்தார்கள். கடிகாரம் பதினேழு நிமிடத்தில் நின்றது.

பச்சைமுத்து தரையில் உட்கார்ந்திருந்தான். வலது கையை ஒரு வாளித் தண்ணீரில் விட்டிருந்தான். பக்கத்தில் பழைய சீருடை போட்ட அறுபது கிலோ மணல் பொம்மை மல்லாந்து கிடந்தது. பிற்பகல் பயிற்சிக்காக இரண்டு பெட்டிக்கும் நடுவிலான வழியில், முதல் தேடலில் யார் கையிலும் படாத மூலையில் போட்டுவைத்த பொம்மை. புகையில் அதைக் கலீல் என்று நினைத்து இழுத்து வந்திருக்கிறான். வலது கையுறை கையில் இல்லை. வலது கையைச் சுவரிலிருந்து எடுக்காதே என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள், அதனால் அவன் எடுக்கவில்லை. இரும்புச் சுவர் உள்ளங்கையை உரித்துவிட்டிருந்தது.

துரைக்கண்ணு மைக்கை வாங்கினார். "இந்தப் பயிலக வரலாற்றிலேயே முதல்முறையாக ஒருவர் நிஜமாகக் காணாமல் போய், நிஜமாக மீட்கப்பட்டிருக்கிறார்!"

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் மறுநாள் கலீல் போய்ப் பார்த்தார். பச்சைமுத்துவின் மனைவி கலைப்பிரியா ஸ்பூனால் அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். இவரைக் கண்டதும் அவன் எழுந்து உட்காரப் பார்த்தான்.

"பாய், நீங்க நல்லா கீறீங்களா? புகை ஏதும் நெஞ்சுக்குள்ள போச்சா?"

"ஒண்ணுமில்ல முத்து."

"என்ன மன்னிச்சுக்குங்க பாய்." அவன் தலையைத் தூக்கவே இல்லை. "உங்கள உள்ளயே உட்டுட்டு ஒரு பொம்மைய இழுத்துக்கினு வந்துட்டேன். பத்து வருசமா கூட நின்னவனுக்கு ஆளு தெரியல பாருங்க. நீங்களா வந்தீங்களோ பொழச்சீங்களோ."

கலைப்பிரியா, "ராத்திரியெல்லாம் இதையே சொல்லிக்கினு கீது. தூங்கவே மாட்டேன்னுது. நீங்களாவது சொல்லுங்க," என்றாள்.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். கலீலின் தொண்டைவரை வந்தது. அவன் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது. வாங்கிப்போன சாத்துக்குடியை வைத்துவிட்டு, "உடம்ப பாத்துக்க" என்று எழுந்து வந்துவிட்டார். வெளியே வேப்பமரத்தடியில் நின்று அழுதார். இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ பிணங்களைத் தூக்கியவர், தன்னை நினைத்து அருவருத்தது அன்றுதான்.

அடுத்த வாரம் பச்சைமுத்துவுக்குக் குற்றக் குறிப்பாணை வந்தது. ஆணையின்றித் தீக்களத்துக்குள் நுழைந்தது, தீக்களத்தில் கையுறையைக் கழற்றியது, பிற்பகலுக்கு என்று ஒதுக்கப்பட்ட பொம்மையை முற்பகலிலேயே மீட்டது. மூன்றும் நிரூபணமானால் இரண்டு வருஷத்துக்கு ஊதிய உயர்வு இல்லை. கலீலுக்கோ சான்றிதழ் வழங்கும் விழாவில் தனிப் பாராட்டு, பத்து நிமிட உரை.

கலீல் பயிலகத்துக்குப் போய் இயக்குநர் முன்னால் நின்றார்.

"ஐயா, நான் உள்ள இல்லீங்க. வெளிய நுங்கு தின்னுக்கினு இருந்தேன். தப்பு என்னுது. முத்து மேல நடவடிக்கை வேணாங்க."

துரைக்கண்ணு கண்ணாடியைக் கழற்றி அவரைக் கனிவாகப் பார்த்தார். "ஒன்பதாம் பாடம் படிச்சீங்களா ரஹ்மான்?"

"இல்லீங்க."

"உயிர் பிழைச்சவனோட குற்ற உணர்ச்சி. அபாயத்துல இருந்து மீண்டவன், தன்னாலதான் எல்லாம் நடந்துச்சுன்னு நினைப்பான். நான் அங்க இல்லவே இல்லன்னுகூடச் சொல்லுவான். அச்சு அசலா இருக்கு பாருங்க. இத்தனை நாளா இந்தப் பாடத்துக்கு நம்மகிட்ட ஓர் உதாரணம் இல்லாம இருந்துச்சு."

"ஐயா, நுங்கு வித்த அம்மாவக் கேளுங்க."

"அந்தம்மா பலகையப் பார்த்தாங்களா?"

"இல்லீங்க."

"நான் பார்த்தேன். பெரிய ஐயா பார்த்தாரு. சென்னைக்கு அறிக்கை போயாச்சு. நீங்க வெளியதான் இருந்தீங்கன்னா நாங்க யாரை மீட்டோம்? பதினேழு நிமிஷம் யாரைத் தேடினோம்? ஒரு பயிலகம் இல்லாத ஆளைத் தேடுமா? கொஞ்சம் யோசிங்க."

மூன்று நாள் மனநல ஆலோசனைக்கு உத்தரவிட்டார்கள். ஆலோசகர் இருதயமேரி பொறுமைசாலி. கலீல் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். மூன்றாம் நாள் முடிவில், 'குற்ற உணர்ச்சி குறையவில்லை, ஆனால் முறையாக உள்ளது' என்று அறிக்கை கொடுத்தார். கலீல் அதன் பிறகு இரண்டு மனு எழுதினார். ஒன்று நிலையத்துக்கு, ஒன்று சென்னைக்கு. இரண்டும் ஒன்பதாம் பாடத்தின் பின்னிணைப்பில் சேர்க்கப்பட்டன. ஆனால் பச்சைமுத்து வீட்டுக்கு மட்டும் அவர் போகவில்லை. நடவடிக்கையை ரத்து பண்ணிவிட்டுப் போய்ச் சொல்லலாம், வெறுங்கையோடு எப்படிப் போவது என்று தனக்குத் தானே நியாயம் கற்பித்துக்கொண்டார்.

சான்றிதழ் விழா விழுப்புரத்தில், ரயில் நிலையம் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. இருநூறு பேர். பச்சைமுத்துவையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவனுக்குச் சான்றிதழ் கிடையாது, தவறுகளை விளக்கும்போது ஆளைக் காட்ட வேண்டுமே, அதற்காக. கடைசி வரிசையில் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வல்லரசு திரையில் அவனுடைய விளக்கக் கடிதத்தைப் போட்டார். வலது கையால் எழுத முடியாததால் கலைப்பிரியா எழுதிய கடிதம்.

"கவனிங்க. இரண்டாவது குற்றம், கையுறையைக் கழற்றியது. ஏன் கழற்றினாய்னு கேட்டோம். பதிலைப் படிக்கிறேன்." வல்லரசு தொண்டையைச் செருமிக்கொண்டார். "'கையுறையோடு தொட்டால் நாடி தெரியாது. பாய்க்கு உயிர் இருக்கிறதா என்று கழுத்தில் கை வைத்துப் பார்த்தேன். நாடி இல்லை. தோல் சொரசொர என்று இருந்தது. வெந்துவிட்டது என்று நினைத்தேன். அவரை அப்படியே விட்டுவிட்டு வர மனசு வரவில்லை. கழற்றிய கையுறையைத் தேட நேரம் இல்லை.' நாடி பார்ப்பது மருத்துவக் குழுவின் பணி. இந்தத் தவறை நீங்க செய்யக் கூடாது."

இருநூறு பேரும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

கலீலின் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடையேறினார். கொடுத்த உரையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"நான் உள்ள இல்ல," என்றார். "பின்பக்கமா வெளிய வந்து நுங்கு தின்னேன். என் பேர மைக்குல சொன்னாங்க. டிராமான்னு நெனச்சு இன்னும் ரெண்டு வாங்கித் தின்னேன். அந்த நேரத்துலதான் அவன் என்னத் தேடி உள்ள போனான். குத்தம் பண்ணவன் நான். அவனுக்குத் தர்ற தண்டனைய எனக்குத் தாங்க."

துரைக்கண்ணு எழுந்தார். அவர் கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன. "ஒன்பதாம் பாடத்தை இதைவிட அழகா யாராலயும் நடத்த முடியாது," என்றார். கைதட்டல் ஆரம்பித்தது. முன்வரிசையில் சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். கலீலின் கையில் சான்றிதழைத் திணித்து, தோளில் ஒரு சால்வையைப் போட்டார்கள். சால்வைக்கு மேலாக அவர் பார்த்தார். கடைசி வரிசை நாற்காலி காலியாக இருந்தது.

பேருந்து நிலையத்தில் பச்சைமுத்துவைப் பிடித்தார். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. சால்வையை எங்கே விட்டார் என்று தெரியவில்லை.

"முத்து."

பச்சைமுத்து திரும்பினான். "பாய், அங்க சொன்னது நெசமா? இல்ல அவரு சொன்ன மாதிரி பாடமா?"

"நெசம்தான் முத்து."

"உள்ள யாருமே இல்லியா?"

"யாருமில்ல."

பச்சைமுத்துவின் முகம் ஒரு மாதிரி கோணியது. பிறகு அவன் சிரித்தான், சிரித்துக்கொண்டே இடது கையால் கண்ணைத் துடைத்தான். "அப்ப நான் யாரையும் உட்டுட்டு வர்ல. அடப்பாவி பாய், மூணு வாரமா கண்ண மூடுனா உங்க கழுத்துதான் கைக்கு வருது. மல்லாட்டைக்கு மண்ண தொட்டாகூட அதே சொரசொரப்பு. அவகிட்ட கூட சொல்ல முடியல. பெரிய பேஜாரா போச்சு." ஒரு பெருமூச்சு விட்டான். "யாரும் இல்லியா. நல்லது. நல்லதாப் போச்சு."

கலீல் இதை எதிர்பார்க்கவில்லை. திட்டுவான், அடிப்பான் என்று நினைத்து வந்தவர். இயக்குநர், ஆலோசகர், சென்னை என்று சுற்றித் திரிந்த மூன்று வாரமும் இவன் ஒருவனிடம் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் போதும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

திண்டிவனம் வண்டி வந்து நின்றது. ஏறப் போன பச்சைமுத்து படிக்கட்டில் ஒரு காலை வைத்தபடி நின்றான்.

"ஏன் பாய், மைக்குல உங்க பேர கூப்ட்டாங்களே. அந்தாண்ட கேட்டுச்சா?"

மேடையில் இருநூறு பேர் முன்னால் சொன்ன அதே பதில்தான். ஆனாலும் இங்கே சொல்ல நாக்கு எழவில்லை.

"கேட்டுச்சு முத்து," என்றார் கலீல்.

பச்சைமுத்து தலையை ஆட்டிக்கொண்டான். வண்டிக்குள் ஏறி, காலியாக இருந்த ஒரே இரண்டுபேர் இருக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்தான். பின்னாலேயே ஏறிய கலீல் இருக்கையருகே வந்து நின்றார். கட்டுப் போட்ட வலது கையைப் பச்சைமுத்து பக்கத்து இடத்தில் வைத்திருந்தான். அவர் நிற்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. கையை எடுக்கவில்லை.

கண்டக்டர், "உள்ள ஒக்காருங்க பாய், எடம் கீதே" என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். கலீல் திண்டிவனம் வரைக்கும் நின்றுகொண்டே போனார்.